வில்லில் மீன் பிடிக்க என்ன வாங்கலாம்?

கேள்வி: தாமிரபரணி ஆற்றில் வில் அம்பால் மீன் பிடித்துப் பழக ஆசை. செலவு குறைவாக என்ன வாங்கலாம்?
- வாசகர், குழித்துறை

பதில்: வில்லுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். யாராவது பயன்படுத்திய ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்தது), 30 முதல் 40 பவுண்டு இழுவிசையில் கிடைத்தால் தாராளமாகப் போதும், கப்பி வைத்த காம்பவுண்ட் வில் இப்போது வேண்டாம். அம்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: இறகில்லாத, கனமான ஃபைபர்கிளாஸ் தண்டும் முள் வைத்த முனையும் வேண்டும், அப்புறம் மீனை இழுக்கும் கயிற்றை அம்பின் வால் பக்கம் கட்டாமல் தண்டில் நகரும் வளையத்தில்தான் கட்ட வேண்டும், ஏனென்றால் நாணில் கயிறு சிக்கினால் அம்பு திரும்பி முகத்துக்கே வரும். கயிறு சுற்ற, கையால் சுற்றும் உருளையே போதும். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு மூக்குக் கண்ணாடி கட்டாயம். தண்ணீர் ஒளியை வளைப்பதால் மீன் தெரியும் இடத்துக்குக் கீழேதான் குறி வைக்க வேண்டும். ஆள் குளிக்கும் கடவுப் பக்கம் போகவே வேண்டாம், முதலில் மீன்வளத் துறையிடம் அனுமதி கேளுங்கள்.