மூன்றாவது முறை நீட் வேண்டாம், மீன்வளம் படிக்கட்டும்

மகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க, போன வாரம் கடலூர் முதுநகரிலிருந்து அவளோடு என்னிடம் வந்திருந்த அம்மாவுக்கு,

அன்று நீங்கள் கண் கலங்கியதும், "கவலைப்படாதீங்க, ஏதாவது வழி பிறக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். மூன்றாவது முறை எழுதட்டும், இல்லையென்றால் நெல்லிக்குப்பம் ரோட்டு மனையை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் தம்பி. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த மனை முதல் வருடத்துக்கே போதாது. இளையவன் படிப்புக்கும் இருப்பது அது ஒன்றுதான். விற்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

நீங்கள் வெளியே போன பிறகு அவளிடம், "எதைச் செய்தால் நேரம் போவதே தெரியாது?" என்று கேட்டேன். டாக்டர் என்ற சொல்லே வரவில்லை. பாட்டியோடு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போவதையும், செவுளைத் திறந்து பார்த்தே சங்கரா மீன் புதுசா பழசா என்று சொல்லிவிடுவதையும் பேசினாள். பாறை, சீலா, வவ்வால், காரப்பொடி என்று ஒவ்வொரு மீனையும் நோட்டில் வரைந்து வைத்திருக்கிறாளாம். உங்களுக்குத் தெரியுமா?

அவளுக்குப் பொருந்துவது பி.எஃப்.எஸ்சி., மீன்வள அறிவியல், நான்கு ஆண்டுப் படிப்பு. நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி அதற்கும் முந்தியது, 1977-இலேயே ஆரம்பித்தது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. மீன் வளர்ப்பு, மீன் நோய், நீரின் தன்மை, பதப்படுத்துதல், வலையும் படகும் என்று எல்லாமே பாடம். நிறையப் பாடம் வகுப்பறைக்கு வெளியேதான் நடக்கும்.

வேலை எப்படியிருக்கும் என்று ஓர் இறால் பண்ணையை வைத்துச் சொல்கிறேன். இரவெல்லாம் குளத்துப் பாசியும் சுவாசிப்பதால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும். அந்த நேரத்தில் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி, நின்றுபோனால் மொத்த இறாலும் செத்துவிடும். இறால் குஞ்சுகளைக் குளத்தில் விடுவதற்கு முன், இறாலைக் கொல்லும் வைரஸ் நோயான வெள்ளைப்புள்ளி நோய்க்கு பி.சி.ஆர். சோதனை செய்ய வேண்டும். தீவனம் மிஞ்சுகிறதா என்று காட்டும் செக் டிரே என்ற தட்டைத் தூக்கிப் பார்த்துத் தீவனத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தூக்கத்தை விட்டு இதைச் செய்ய ஆசை வேண்டும். அவளுக்கு அது இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைப்பு போதாது, மரக்காணம் பக்கம் ஒரு பண்ணையில் இரண்டு நாள் இருந்து பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அவளே சொல்லட்டும், வேறு பார்ப்போம்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். பண்ணையிலும் ஹேச்சரி என்ற குஞ்சு பொரிப்பகத்திலும் ஆரம்பச் சம்பளம் குறைவுதான். ஆனால் டி.என்.பி.எஸ்.சி. எழுதி மீன்வள ஆய்வாளர் ஆகலாம். வங்கியில் வேளாண் அலுவலர் தேர்வுக்கு இந்தப் பட்டம் செல்லும். மேற்படிப்புக்கு மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. கூடப் படித்தவள் டாக்டராகி அதிகம் சம்பாதிக்கலாம், அதை ஏற்கத்தான் வேண்டும். பிடிக்காத படிப்பை இன்னொரு வருடம் மனப்பாடம் செய்து இவள் தூக்கம் கெடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

"பொண்ணு மீன் நாத்தத்துல நிக்கணுமா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பேச்சு கேட்டுத்தான் அவள் நோட்டை ஒளித்து வைத்திருக்கிறாள். கட்டணம் கட்டப்போவது அவர்கள் இல்லை, நாலு வருடம் படிக்கப்போவதும் அவர்கள் இல்லை.

மூன்றாவது முறைக்கான கோச்சிங் பணத்தை இந்த வாரம் கட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குப் பதில் நீங்கள் அவளோடு துறைமுகத்துக்குப் போங்கள். அந்த நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். திங்கள்கிழமை மதிப்பெண் பட்டியலோடு இருவரும் வாருங்கள், கட்-ஆஃப் கணக்குப் போடுவோம்.