வீவக வீட்டு ஹாலில் சப்வூஃபரை எங்கே வைப்பது? இன்னொன்று வாங்கலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது: நாலறை வீவக வீடு (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி), 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், கீழ்ச்சுரத்துக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி). படம் போட்டால் பேஸ், அதாவது கீழ்ச்சுரம், மட்டும் குமுறுகிறது, வசனம் புரியவில்லை. சப்வூஃபரை எங்கே வைப்பது, இரண்டாவது ஒன்று வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள். இருப்பதை முதலில் இடம் மாற்றுங்கள். நான் வாங்கிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் ஹாலை நான் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்லிவிடலாம். ஒரு சுவர் முழுக்க டிவி கேபினெட், எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டிய சோபா, வழவழ டைல்ஸ், சப்வூஃபர் ஒரு மூலையில் அல்லது கேபினெட்டுக்கு உள்ளே. செங்காங்கில் எங்கள் வீடும் அதேதான். ரெனோவேஷன் செய்தவர், "அண்ணே, கறுப்புப் பெட்டி வெளியே தெரிஞ்சா அசிங்கம், உள்ளே வெச்சு முன்னாடி வலைத்துணி அடிச்சிரலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். அதே ஆள் அளந்து போட்ட சமையலறைக் கேபினெட்டால் எங்கள் பிரிட்ஜ் கதவு இன்றுவரை முழுதாகத் திறக்காது. காய்கறித் தட்டை வெளியே எடுக்க வேண்டுமானால் பிரிட்ஜையே முன்னால் இழுக்க வேண்டும். மீதிப் பணம் வாங்கும் வரை தினமும் போன் செய்தவர், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரமே பேஸ் கொழகொழவென்று இருந்தது. என்னுடையது பத்து இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட சப்வூஃபர். ஒரு கடையில் விசாரித்தேன். "பத்து இஞ்ச் உங்க ஹாலுக்குப் பத்தாது" என்று பன்னிரண்டு இஞ்சைத் தலையில் கட்டினார்கள். 650 வெள்ளி. கொழகொழப்பு அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் கூடியது. மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்குக் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி கதவருகே வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. கையில் ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை. அவர் வீட்டுச் சாமி மாடத்தில் வைப்பது. அதை இன்னொரு கையின் மோதிரத்தில் கிண்கிண்ணென்று தட்டிக் காட்டி, "எவ்ரி நைட் லைக் திஸ்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம்தான் டேப் எடுத்து ஹாலை அளந்தேன். டிவி சுவருக்கும் சோபா சுவருக்கும் 3.4 மீட்டர். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அதை அறையின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் கிட்டத்தட்ட 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. அந்த ஒரு சுரத்தை இரண்டு கான்கிரீட் சுவரும் பந்து மாதிரி தட்டி விளையாடுகின்றன. அதன் அழுத்தம் மிக அதிகமாக இருப்பது சுவரோரத்தில். சப்வூஃபர் ஒரு சுவரோரம், என் தலை எதிர்ச்சுவரோரம். இதில் பெரிய பெட்டி வாங்கினால் எப்படிச் சரியாகும்? வசனம் கேட்காததும் பெரும்பாலும் இதனால்தான். கீழ்ச்சுரம் வீங்கினால் அதற்கு மேலே இருக்கும் குரலை அமுக்கிவிடும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் கிடார் தெளிவாக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாகக் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். காது பெட்டியின் உயரத்தில் இருக்க வேண்டும், நின்றுகொண்டு கேட்டால் பலிக்காது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, பெட்டி சோபாவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது, நிஜ மாப்பிள்ளை முட்டி போட்டுத் தரையில். ஒன்றும் கேட்கவில்லை, சமையலறைக்குப் போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த இடம் ஜன்னல் சுவரோரம், டிவிக்கும் சோபாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில். அங்கே வைத்தால் அந்த 50 ஹெர்ட்ஸ் கிளம்புவதே குறைவு. சோபாவையும் ஓர் அடி முன்னால் இழுத்தேன். பார்க்க அழகில்லைதான். வீட்டுக்காரி பெட்டிமேல் ஒரு மணி பிளாண்ட் வைத்தாள், சண்டைக்காட்சியில் தொட்டி நகர ஆரம்பித்ததும் எடுத்துவிட்டாள்.

ரிசீவரில் (ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி) எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று வைத்து, கிராஸ்ஓவரை, அதாவது எந்தச் சுரத்துக்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் விடுங்கள். சப்வூஃபர் பின்னால் இருக்கும் கிராஸ்ஓவர் திருகை அதிக எண் பக்கம் கடைசிவரை திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இடத்தில் வடிகட்டும். ஃபேஸ் சுவிட்சை (சப்வூஃபர் மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து தள்ளுவதா, எதிராகவா என்பது) 0, 180 இரண்டிலும் போட்டுப் பார்த்து, உட்காரும் இடத்தில் எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள். மைக் வைத்துத் தானாக அளக்கும் வசதி இருந்தால் பெட்டியை நகர்த்திய பிறகு மறுபடி ஓட்டுங்கள். சப்வூஃபர் தூரத்தை அது நிஜத்தைவிட அதிகமாகக் காட்டினால் பதறித் திருத்தாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போடுகிறது. சென்டர் ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் கிடந்தால் தட்டின் விளிம்புவரை இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, காதைப் பார்க்க வையுங்கள். என்னுடையது இரண்டு கதவுத் தடுப்பு ரப்பர்மேல் நிற்கிறது.

"ரெண்டு சப் இல்லாம ஹோம் தியேட்டரா?" என்று அடெல்ஃபி ஆடியோ கடைகளில் வாரயிறுதியைக் கழிக்கும் அண்ணன்மார் வருவீர்கள். தெரியும். இரண்டு வைத்தால் வரிசையாக உட்காரும் எல்லோருக்கும் பேஸ் ஒரே மாதிரி போய்ச் சேரும், மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் உட்காரும் ஒரே சோபா, தவறான மூலை, அதில் இரண்டாவது பெட்டி எதற்கு? நான் ஒலிப் பொறியாளர் இல்லை, லாஜிஸ்டிக்ஸில் வேலை. என் ஹாலில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

அடியில் ரப்பர் பாய் போட்டால் கீழ்வீட்டுக்குப் போகாது என்று நம்பாதீர்கள். பெட்டி தரையை நேராக உதைப்பதைத்தான் அது குறைக்கும், காற்று வழியாகப் போய்த் தளத்தை ஆட்டும் கீழ்ச்சுரத்தை ஒன்றும் செய்யாது. சுவரில் ஒட்டும் முட்டைத்தட்டு ஃபோமும் பேஸுக்கு வீண். நான் இரவு பத்தானதும் ரிசீவரில் பெரிய சத்தத்தை அடக்கும் 'நைட் மோட்' போட்டு, சப்வூஃபர் சுவிட்சை அணைத்துவிடுகிறேன்.

பன்னிரண்டு இஞ்சை இணையத்தில் பாதி விலைக்கு விற்றேன். பழைய பத்து இஞ்ச்தான் இப்போதும் ஓடுகிறது. கேபினெட்டில் வலைத்துணி அடித்த அந்த அறையில் அரிசி மூட்டை வைத்திருக்கிறோம்.