தறிச் சத்தத்துக்கு நடுவே பேட்டி எடுப்பது எப்படி? ஆவணப்படக் கேள்வி பதில்

தொலைக்காட்சிக்குச் சமூகப் பிரச்சினைகளைப் படமாக்குவதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம்தான் சுற்றல். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நொய்யல் ஆற்றைப் பற்றிப் படம் எடுக்க ஆசைங்கண்ணா. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? (பேரூர், கல்லூரி மாணவர்)

வெள்ளியங்கிரி மலையிலிருந்து என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் தம்பி. எல்லோரும் அப்படித்தான்: முதலில் மலை, அப்புறம் அருவி, அப்புறம் நுரை. ஒரத்துப்பாளையத்துக்குப் போங்கள். பாசனத்துக்கென்று 1992இல் திறந்த அணை அது. சாயக்கழிவு வந்து தேங்கியதில், தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. உங்கள் கதை அங்கேதான் கிடக்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. விவசாயிக்கு நிம்மதி, பட்டறையில் வேலை பார்த்தவருக்குக் கூலி போச்சு. இரண்டு பேரும் படத்தில் இருக்க வேண்டும். கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க என்ன செலவாகிறது என்று பட்டறை முதலாளியிடமும் கேளுங்கள். அவரை வில்லனாக உட்கார வைத்தால் வாயே திறக்கமாட்டார்.

சோமனூரில் தறிக்குடோனுக்குள் பேட்டி எடுத்தோம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

புரியாது. தறி ஓடும்போது பேச வைக்காதீர்கள். அங்கே இருப்பவர்களே வாயசைவிலும் சைகையிலும்தான் பேசிக்கொள்கிறார்கள். அதைப் படம் பிடியுங்கள், பேட்டியைவிட நன்றாக இருக்கும். ஒருமுறை நாங்கள் நின்ற குடோனில் கரண்ட் போய்விட்டது. சத்தம் அடங்கியதும் ஓர் அக்கா காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார். கேமராமேன் டீ குடிக்கப் போயிருந்தார்! போனில்தான் எடுத்தேன். படத்தில் நின்றது அந்தப் பகுதிதான்.

தறிச் சத்தத்தை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். டியூப் லைட் வெளிச்சம் திரையில் துடித்தால், நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவில் நொடிக்கு 25 பிரேமும் ஷட்டர் 1/50 நொடியும் வைத்துப் பாருங்கள்.

மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று மில் ஹாஸ்டலில் சேர்ந்த பொண்ணு பேசச் சம்மதிக்கிறாள். முகத்தை மறைத்தால் போதுங்களா? (தாராபுரம், ஆசிரியை)

போதாதுங்க. நீங்கள் சொல்வதைச் சுமங்கலித் திட்டம் என்பார்கள்; அதைப் பற்றிய படத்தில் நானே ஒரு முறை இதில் சறுக்கியிருக்கிறேன். முகத்தை நிழலாக்கினோம், குரலையும் மாற்றினோம். பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அந்த ஊர் மளிகைக்கடை பொங்கலுக்குக் கொடுத்தது. ஒளிபரப்பான மறுநாள் காலையிலேயே யார் வீடு என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பழி முழுக்க என்னுடையது. நமக்குப் படம் முடிந்துவிடுகிறது, அவள் அதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்க நிற்க வேண்டும்.

இப்போது வேறு ஊரில், வேறு அறையில், கையை மட்டும் எடுக்கிறேன். வளையலைக் கழற்றச் சொல்கிறேன். சொன்னதை இன்னொருவர் குரலில் பேச வைக்கிறேன். ஒளிபரப்புக்கு முன் பேட்டி கொடுத்தவரிடம் போட்டுக் காட்டுவேன், வேண்டாம் என்றால் வெட்டிவிடுவேன். சேனலில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் இது நம் இஷ்டமே இல்லை: இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும், பாலியல் குற்றமானால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் பெயர், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கின்றன.

அரை மணி நேர ஸ்லாட்டுக்குப் படத்தை எத்தனை நிமிடமாக வெட்ட வேண்டும்?

மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் என்பது விதி. கணக்குப்படி 24 நிமிடம் மிஞ்சும். சேனலைக் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

பேசுபவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா சார்? (பல்லடம்)

பேச்சுக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நாம் கேட்க விரும்புவதையே சொல்வார்கள். ஆனால் தறி ஓட்டுபவர் நமக்காக ஒரு ஷிப்ட் விட்டால் அன்றைய கூலி போகிறதே? அதை மட்டும் கொடுக்கிறேன், பேட்டி முடிந்த பிறகு. சேனல் கணக்கில் 'கூலி இழப்பு' என்றே எழுதுகிறேன்.