சி டிரைவ் நிறைந்துவிட்டது, எதை அழிப்பது?

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்த ஊரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பத்திர வேலை எல்லாம் 2012-இல் வாங்கிய விண்டோஸ் 7 கணினியில்தான் நடக்கின்றன. 100 ஜிபி உள்ள சி டிரைவில் இப்போது 2 ஜிபிகூட மீதமில்லை. டி டிரைவ் பெரும்பாலும் காலியாகக் கிடக்கிறது. கணினி தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது. ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் சர்வீஸ் செய்பவர். ஏதாவது கிளீனர் மென்பொருளைப் போட்டால் போதும் என்கிறான் மருமகன். குப்பைக் கோப்புகளை நானே அழிக்க முடியுமா?
– குமரி மாவட்ட வாசகர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் இத்தனை ஆண்டுகள் சுழன்ற ஹார்ட் டிஸ்க், நிறைந்துபோவதைக் காட்டிலும் ஒரு நாள் நின்றுபோவதற்கே அதிகம் அஞ்ச வேண்டும். ஆகவே ஒரு கோப்பைக்கூட அழிப்பதற்கு முன்பு, வேலைக் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து 'டக் டக்' என்ற ஓசை ஏற்கெனவே கேட்கத் தொடங்கியிருந்தால், சுத்தம் செய்யும் எண்ணத்தையே விட்டுவிட்டு நகலெடுப்பதை மட்டும் உடனே பாருங்கள்.

நகலெடுக்கும்போது நம் கடைக்காரர்கள் வழக்கமாக மறந்துபோவது, விண்டோஸ் கோப்புறைக்குள் எழுத்துருக்கள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் ஏற்றுக்கொண்ட பிறகும் நம் கடைகள் பலவற்றில் பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்கள்தான் ஓடின. உங்கள் கடையிலும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தாம். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. ஃபார்மட்டில் எழுத்துரு போய்விட்டால், நீங்கள் பத்திரமாக வைத்திருக்கும் கோப்பும் படிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல். சர்வீஸ் செய்பவரின் யோசனையை நான் உடனே ஏற்காததற்கு முதல் காரணம் இதுவே.

இனி குப்பை எங்கே கிடக்கிறது என்று பார்ப்போம். ஃபோட்டோஷாப் வேலை செய்யும்போது ஹார்ட் டிஸ்க்கில் பெரிய தற்காலிகக் கோப்பு ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முறையாக மூடினால் அதைத் தானே அழித்துவிடும். இடவப்பாதி மழையிலோ ஐப்பசி இடியிலோ கரண்ட் பட்டென்று போய்விட்டால் அந்தக் கோப்பு அப்படியே தங்கிவிடும். இரண்டு பருவமழையும் கொட்டும் மாவட்டத்தில், யுபிஎஸ் பேட்டரியும் ஓய்ந்துபோன கடையாக இருந்தால், இப்படி எத்தனை சேர்ந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, வேறு எதையும் திறக்காமல், தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் கோப்புறைக்குச் சென்று கோப்புகளை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். 'ஃபோட்டோஷாப் டெம்ப்' என்று தொடங்கும் பழைய தேதியிட்ட கோப்புகள் மேலேயே நிற்கும். அவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். பின்னர் ஃபோட்டோஷாப்பின் அமைப்பில் ஸ்கிராட்ச் டிஸ்க் என்ற இடத்தில் டி டிரைவைத் தேர்ந்துவிட்டால், இந்தத் தொல்லை சி டிரைவுக்குத் திரும்ப வராது. வடிவமைப்பு மென்பொருளான கோரல்டிரா ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் வைக்கும் 'பேக்கப் ஆஃப்' நகல்களும் அழிக்கத் தக்கவையே. மூலக் கோப்பு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

டவுன்லோட்ஸ் கோப்புறையிலும் டெஸ்க்டாப்பிலும் வாடிக்கையாளர்களின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் கிடக்குமே, அவை ஒவ்வொன்றும் சில எம்பிக்கு மேல் வரா. எனினும் இடத்துக்காக இல்லாவிட்டாலும் அவர்களுக்காக அவற்றை அன்றன்றே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வது முறை.

விண்டோஸின் சொந்தக் குப்பைக்கு அதனுடனேயே வரும் டிஸ்க் கிளீனப் போதும். அதில் சிஸ்டம் கோப்புகளையும் சுத்தம் செய்யச் சொன்னால், பழைய அப்டேட்டுகளின் மிச்சம் பல ஜிபி வெளியேறக்கூடும். அதன் பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்யும்போது வெகுநேரம் காத்திருக்க வைக்கும். நடுவில் கரண்ட் போனால் விண்டோஸே திறக்காமல் போகலாம் என்பதால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பத்திரிகையில் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஒன்று பயமுறுத்தும் அளவில் தெரியும். ஒரே கோப்பை இரண்டு இடத்தில் கணக்கிட்டுக் காட்டுவதால் வரும் பெருக்கம் அதில் ஒரு பகுதி. அதன்மேல் கை வைக்க வேண்டாம்.

டி டிரைவ் காலியாக இருக்கும்போது சி டிரைவ் நிறைவதற்கு இன்னொரு காரணம், டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும் சி டிரைவில் இருப்பது. டாகுமெண்ட்ஸ் கோப்புறையில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதிக்குச் சென்று, டி டிரைவில் ஒரு கோப்புறையைக் காட்டி மூவ் கொடுங்கள். டெஸ்க்டாப்புக்கும் இதே வழிதான். உங்களுக்கு மிக அதிகமான இடத்தைத் தரப்போவது இதுவாகவே இருக்கும்.

மருமகன் சொல்லும் கிளீனர் வேண்டாம். மேலே சொன்னவற்றுக்கு மேல் அது செய்வது பெரும்பாலும் விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துழாவுவதுதான். அதில் இடமும் மிச்சமாகாது, வேகமும் கூடாது.

பத்து நிமிடத் தாமதம் முழுவதும் இதனால் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு மருந்து, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி; பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் அதே சாட்டா கேபிளில் மாட்டலாம். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. எனவே இந்தக் கணினியைத் தட்டச்சு, பக்க வடிவமைப்பு (டிடிபி) வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இணையச் சேவைகளையும் பணப் பரிமாற்றத்தையும் வேறொன்றில் செய்யுங்கள். எஸ்எஸ்டியில் விண்டோஸை நிறுவியதும் ஃபான்ட்ஸ் நகலை முதலில் ஏற்றி, பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது தமிழாகத் தெரிந்த பிறகு பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யலாம்.