வார்டு பொறுப்பு: கேள்வி பதில்

கேள்வி: 30 படுக்கை உள்ள பொது மருத்துவ வார்டுக்கு இன்சார்ஜாக இருக்கிறேன். இரண்டு சீனியர் சிஸ்டர்களுக்குள் தினமும் காலை 8 மணிக்குச் சண்டை. "டிரிப் காலி, யூரின் பை நிரம்பிக் கிடக்கு, எதையும் முடிக்காம கிளம்பிடுறாங்க" என்கிறார் ஒருவர். "ராத்திரி முழுக்க ஓடினது யாருக்குத் தெரியுது?" என்கிறார் மற்றவர். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினேன். இப்போது முகம்கொடுத்தே பேசுவதில்லை.

பதில்: ஒன்றாக உட்காரவைத்ததை முதல் படியாக வைத்ததுதான் சிக்கல். உங்கள் முன்னால் உட்கார்ந்ததுமே இருவருக்கும் தன் பக்க நியாயத்தை நிரூபித்தாக வேண்டும் என்று தோன்றிவிடும். பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். தனித்தனியாக ஆரம்பியுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம், இருவரிடமும் ஒரே நாளில். நாள் தள்ளினால் "அவங்க பேச்சைக் கேட்டு முடிவு பண்ணிட்டாங்க" என்ற பேச்சு வரும். இருவரிடமும் ஒரே மூன்று கேள்விகள்: கடைசியாக நடந்தது எந்த நாள், எந்தப் படுக்கையில்? அதனால் உங்களுக்கு என்ன வேலை கூடியது? எப்படி நடந்திருந்தால் சரியாக இருந்திருக்கும்? "அவங்க எப்பவுமே இப்படித்தான்" என்று பதில் வந்தால், மெதுவாக அந்த முதல் கேள்விக்கே திரும்புங்கள்.

பிறகு மூன்று நாள் காலை 7 மணிக்கே போய் வார்டில் நின்று பாருங்கள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆளைவிட வேலையின் அமைப்பில்தான் கோளாறு தெரியும். அந்தக் காலி டிரிப்பையே எடுத்துக்கொள்வோம். மணிக்கு 125 மில்லி வீதம், அதாவது 20 சொட்டுக்கு ஒரு மில்லி விழும் டிரிப் குழாய் செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு விட்டால், 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் தீரும். அதிகாலை 4 மணிக்கு மாட்டிய பாட்டில் 8 மணிக்குக் காலியாகத்தான் இருக்கும். இரவு சிஸ்டர் சரியாகத்தான் மாட்டியிருக்கிறார். பகல் சிஸ்டர் கண்ணில் படுவதோ காலி பாட்டில். இதற்கு அறிவுரை வேண்டாம், ஒரு விதி போதும்: டியூட்டி மாறும்போது பாட்டிலில் 100 மில்லிக்குக் கீழ் இருந்தால், போகிறவர் அடுத்த பாட்டிலை எடுத்துப் படுக்கை அருகே வைத்துவிட்டு அதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த வேகத்தில் 100 மில்லி என்பது இன்னும் 48 நிமிடம். வருகிறவர் நிதானமாக மாற்றலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருவர் டியூட்டி 8 மணிக்கு முடிந்து, அடுத்தவர் டியூட்டி அதே 8 மணிக்குத் தொடங்கினால், ஒப்படைக்க நேரம் எங்கே இருக்கிறது? ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 15 நோயாளிக்கு அரை மணி. அந்த அரை மணியை ரோஸ்டரிலேயே, அதாவது டியூட்டி அட்டவணையிலேயே, கணக்கில் சேர்க்கும்படி சூப்பரின்டென்டன்டிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்படைப்பு நர்சிங் ஸ்டேஷனில் நடக்கக் கூடாது, படுக்கைக்குப் படுக்கை நடக்க வேண்டும். டிரிப், யூரின் பை, கேனுலா (நரம்பில் செருகும் சிறு குழாய்) போட்ட இடம் மூன்றையும் இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டால் பிறகு குறை சொல்ல இடமிருக்காது.

இதெல்லாம் முடிந்த பிறகே இருவரையும் சேர்த்து அழையுங்கள். இருபது நிமிடம் போதும். முடிவானதை மூன்று வரியில் எழுதி, பதினான்கு நாள் கழித்து மறுபடி பார்ப்போம் என்று தேதி குறியுங்கள். இருவரும் சந்திக்கவே முடியாதபடி டியூட்டியை மாற்றிப் போடுவது சுலபம். ஆனால் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். அடுத்த மாதம் வேறு இருவர் அதில் விழுவார்கள்.

கேள்வி: டியூட்டி டாக்டர் ஒருவர் இரவில் போன் செய்தாலே எரிந்து விழுகிறார். நோயாளிகள் முன்னாலும் கத்துகிறார். ஜூனியர் நர்சுகள் போன் செய்யவே பயப்படுகிறார்கள்.

பதில்: உடனடி ஆபத்து அந்தப் பயம்தான். ஜூனியர் நர்சுகளுக்கு, நோயாளியின் நிலையை டாக்டரிடம் வரிசையாகச் சொல்லும் எஸ்.பி.ஏ.ஆர். (SBAR) முறையைப் பழக்குங்கள்: நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. போனை எடுக்குமுன் பி.பி., நாடி, மூச்சு, ஆக்சிஜன், சுகர் எண்களைக் குறித்து, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இப்படி: "சார், மெடிக்கல் வார்டு, 12ஆம் பெட். பி.பி. 84க்கு 50, நாடி 124. நேத்து வாந்தி பேதின்னு அட்மிட் ஆனவர், ரெண்டு மணி நேரமா யூரின் போகலை. ஷாக்குக்குப் போறார்னு நினைக்கிறேன். நீங்க இப்ப வந்து பார்க்கணும்." (ஷாக் என்றால் உடலில் ரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறைவது.) அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பலர் தடுமாறுவது கடைசி வரியில்தான். "சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன் சார்" என்று முடித்தால், எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. இரண்டு முறை சொல்லியும் வரவில்லை என்றால் அடுத்த மேல்நிலை டாக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் யார் என்பது ஸ்டேஷன் சுவரில் எழுதியிருக்கட்டும்.

போனில் சொல்லும் மருந்தை எழுதி, திருப்பிப் படித்துக் காட்டுவது கட்டாயம். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழும். "ஒன் ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி உறுதி செய்யுங்கள். பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் ஏற்றச் சொன்னதாகக் காதில் விழுந்தால், யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். அது எப்போதும் கரைசலில் கலந்து மெதுவாகச் செலுத்த வேண்டிய மருந்து. நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

டாக்டரிடம் பேச வேண்டியது உங்கள் வேலை, ஜூனியர் தலையில் கட்டாதீர்கள். அன்றைக்கே, தனியாக, அவர் நிதானமாக இருக்கும்போது பேசுங்கள். "நீங்க மரியாதை இல்லாம பேசுறீங்க" என்றால் வாக்குவாதம் தொடங்கும். "காலை 11 மணிக்கு, 7ஆம் பெட் பக்கத்தில், உறவினர்கள் முன்னாடி நடந்தது. அதுக்கப்புறம் அந்தப் பெண் உங்களுக்கு போன் பண்ணத் தயங்குறா" என்றால் அவருக்கும் யோசிக்க இடம் கிடைக்கும். அப்படியே, எந்த எண்ணுக்குக் கீழே போனால் இரவில் எழுப்பலாம், எதைக் காலை வரை வைக்கலாம் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை ஸ்டேஷனில் ஒட்டினால் பாதி எரிச்சல் குறையும். திரும்பவும் கத்தினால் தேதி, நேரம், சாட்சியோடு எழுத்தில் மேலே அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் வார்டில் ஒப்பந்த நர்சுகளுக்கே நைட்டும் பண்டிகை டியூட்டியும் விழுகிறது என்று குமுறல்.

பதில்: குமுறல் நியாயமா என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடந்த ஆறு மாத ரோஸ்டரை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நைட் எத்தனை, ஞாயிறு எத்தனை, பண்டிகை எத்தனை என்று குறித்து, எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். தீபாவளி, பொங்கல் இரண்டில் ஒன்றுதான் லீவு, அடுத்த ஆண்டு மாற்றி என்பது பல இடங்களில் செல்லுபடியாகும். கிறிஸ்துமஸ், ரம்ஜானையும் அதே கணக்கில் சேருங்கள். ஆனால் "உங்களுக்குத்தான் தீபாவளி இல்லையே" என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது; கேளுங்கள். தங்களுக்குள் மாற்றிக்கொள்வதானால் இருவர் கையெழுத்தோடு 48 மணி நேரம் முன்னால் தரட்டும். மாற்றிய பிறகும் அனுபவசாலி ஒருவர் ஷிஃப்டில் இருக்கிறாரா என்று பார்த்து அனுமதியுங்கள். சம்பள வித்தியாசம் உங்கள் கையில் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஊழியர் தன்னிடம் தவறாக நடக்கிறார் என்று நர்ஸ் ஒருவர் என்னிடம் மட்டும் சொன்னார். இருவரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாமா?

பதில்: கூடாது. இது சமரசம் பேசும் விஷயமே இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடைசியாக நடந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்துப் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் குழு நீட்டிக்கலாம். புகாரை எழுத அவருக்குத் துணையாக இருங்கள், அவர் விரும்பினால் இருவருக்கும் ஒரே ஷிஃப்ட் வராமல் பாருங்கள், அவர் பெயரை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.