ராஜமலைக்கு இரண்டு நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூணாறு, இரவிகுளம் தேசியப் பூங்கா, ஆனைமுடி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

திருப்பூரில் இருந்து காரில் வருகிறோம். நான், கணவர், 8 வயது மகன், முழங்கால் வலி உள்ள மாமியார். சனி, ஞாயிறு இரண்டு நாளில் இரவிகுளம் பூங்காவைப் பார்த்துத் திரும்ப முடியுமா?
– வாசகி, திருப்பூர்

தாராளமாக முடியும். ஆனால் மூணாறில் "பத்து பாயின்ட்" என்று சொல்லி யாராவது பட்டியல் கொடுத்தால் அதை ஓரமாக வையுங்கள். அணை, எக்கோ பாயின்ட், பூங்கா, சாக்லேட் கடை என்று ஓடினால் பாதி நாள் வாகன நெரிசலிலேயே போய்விடும். ராஜமலையில் ஒரு முழுக் காலை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, மற்றதை அதைச் சுற்றி அமையுங்கள். இரவிகுளம் பூங்கா 97 சதுர கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே.

பூங்காவின் நுழைவாயில் மூணாறு ஊருக்குள் இல்லை. மூணாறு–உடுமலை சாலையில், ஊரைவிட்டு சில கிலோமீட்டர் தள்ளி அஞ்சாம் மைலில் இருக்கிறது. அதாவது நீங்கள் வீடு திரும்பும் அதே சாலை. அதனால் ராஜமலையை ஞாயிறு காலைக்கு வையுங்கள். அறையைக் காலி செய்து, பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு 7 மணி வாக்கில் கிளம்பினால், பூங்கா முடிந்ததும் அப்படியே மறையூர் வழியாக இறங்கிவிடலாம். மறுபடி மூணாறு நெரிசலுக்குள் நுழைய வேண்டியதில்லை.

சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குத் திருப்பூரில் கிளம்புங்கள். உடுமலை தாண்டி ஆனைமலை புலிகள் காப்பகமும் சின்னார் சரணாலயமும் வருகின்றன. இந்தக் காட்டுச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து கிடையாது. அதற்கு முன்னால் செக்போஸ்டில் போய் நிற்பதில் பயனில்லை. காட்டுக்குள் எங்கும் காரை விட்டு இறங்காதீர்கள். யானை சாலையைக் கடந்தால் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். மறையூரில் காலைச் சாப்பாடு. வழியில் லக்கம் அருவி. மதியம் மூணாறு சேர்ந்தால் அன்று மாலை தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு நடை போதும். மாமியாரின் முழங்காலுக்கும் ஓய்வு வேண்டுமே.

பூங்காவின் டிக்கெட்டை அதன் இணையதளத்தில் நேரம் குறித்துப் பதிவு செய்யலாம். காலை 8 மணிக்குரிய முதல் நேரத்தையே எடுங்கள். பதிவு செய்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். முதல் நேரத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகத் திரளும். பல நாட்களில் 11 மணிக்கெல்லாம் எதிரே இருக்கும் மலை மறைந்துவிடும்.

அஞ்சாம் மைலில் காரை நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். பஸ் விடும் இடத்தில் இருந்து தார்ச்சாலையில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் மெல்ல ஏறும் நடை. படிக்கட்டு இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏறும்போது வலி தெரியாது, இறங்கும்போதுதான் பிடிக்கும். "இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று தோன்றும் இடத்திலேயே அவர் திரும்பிவிடட்டும். கையில் ஒரு கம்பு இருந்தால் நல்லது. கடைசி வளைவு வரை நடக்காவிட்டாலும் இழப்பு எதுவும் இல்லை. வரையாடுகள் சாலையோரத்துக்கே வரும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மந்தையில் முழுதாக வளர்ந்துவிட்ட கிடாய் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உடல் அடர்பழுப்பாக இருக்கும், முதுகில் மட்டும் சேணம் போட்டதுபோல் வெளிர்சாம்பல் திட்டு தெரியும். பெட்டைக்கு அது கிடையாது. வரை என்றால் மலை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இந்த வரையாடு, உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் ஓரிடத்தில் வாழ்வது இங்கேதான். அவை பழகினவைபோல் அருகில் வந்தாலும் தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது. வியர்வையின் உப்புக்காகவும் பொட்டலத்துக்காகவும் மனிதரை நெருங்கிப் பழகிய ஆடு, புல்லை விட்டுச் சாலையிலேயே நிற்கத் தொடங்கிவிடும்.

11 மணிக்குக் கீழே வந்தால் மறையூரில் மதியச் சாப்பாடு. புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். 3 மணிக்குள் சின்னார் செக்போஸ்டைத் தாண்டிவிடலாம். 6 மணிக் கெடுவை நம்பி 5 மணிக்கு மறையூரை விட்டுக் கிளம்புவது ஆபத்து. வழியில் ஒரு டயர் பஞ்சரானாலே காட்டுக்குள் இருட்டிவிடும்.

பிப்ரவரியில் விடுப்பு கிடைக்கிறது. அப்போது வரலாமா?
– வாசகர், சேலம்

பிப்ரவரியும் மார்ச்சும் வேண்டாம். வரையாடுகள் குட்டி போடும் காலம் அது. ஆண்டுதோறும் ஏறத்தாழ பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை பூங்காவை மூடிவிடுவார்கள். சரியான தேதியை வனத்துறை அவ்வப்போது அறிவிக்கும். இது தெரியாமல் அறைக்குப் பணம் கட்டிவிட்டு அஞ்சாம் மைல் வாசலில் நின்று திரும்புகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை மிகத் தெளிவான காலம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்களில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிப் புல்லில் உறைபனி படியும். சூரியன் ஏறிய சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பூங்கா திறந்திருக்கும், குட்டிகளும் துள்ளும். ஆனால் கோடை விடுமுறைக் கூட்டம் இருக்கும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. அருவிகள் நிறைந்திருக்கும், விடுதி வாடகையும் குறையும். இருந்தாலும் குடும்பத்தோடு வர நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 பேரை இழந்தோம். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். பல நாள் விடாத மழையில் மேல்மண் நீரைக் குடித்துக் கனத்து, கீழே உள்ள பாறையில் பிடிப்பு இழக்கும்போது இப்படி நடக்கிறது. இடுக்கி மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை வந்தால் முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

குறிஞ்சி பூப்பதைப் பார்க்கத்தான் வருவோம் என்றால் காத்திருக்க வேண்டும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்தது 2030.

கார் இல்லை. சென்னையில் இருந்து வார இறுதியில் போய்வர வழி உண்டா?
– வாசகர், சென்னை

உண்டு. சென்னை சென்ட்ரல்–போடிநாயக்கனூர் ரயில் வாரம் மூன்று நாள் ஓடுகிறது. சென்னையில் இருந்து வெள்ளி இரவும், போடியில் இருந்து ஞாயிறு இரவும் அதில் அடக்கம். அட்டவணை மாறக்கூடும் என்பதால் பதிவு செய்யும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள். போடியில் இருந்து மூணாறு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். மூணாறில் இருந்து அஞ்சாம் மைலுக்கு ஆட்டோ போதும். ஞாயிறு மதியம் 2 மணிக்குள் மூணாறை விட்டு இறங்கத் தொடங்கினால்தான் இரவு ரயில் உறுதி.

இன்னொரு வழி, பழனி, உடுமலை வழியாகப் போகும் சென்னை–பாலக்காடு எக்ஸ்பிரஸ். உடுமலையில் காலையில் இறங்கி மூணாறு பஸ் பிடிக்கலாம். பஸ்கள் குறைவு என்பதால் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

போடிமெட்டில் இறங்கும்போது பிரேக்கில் கருகிய வாடை வந்தது. வண்டி புதியது. என்ன தவறு?
– வாசகர், மதுரை

வண்டியில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது கியரிலோ நியூட்ரலிலோ விட்டு, காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் வண்டியின் எடை முழுவதும் பிரேக் பேடில் உரசிச் சூடாகிறது. அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். ஆயில் நாளாக நாளாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அந்த ஈரம் கொதித்துக் குமிழியானால், நீங்கள் மிதிக்கும் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சுபோல் உள்ளே இறங்கும், வண்டி நிற்காது. வாடை என்பது அதற்கு முன்னால் வரும் எச்சரிக்கை.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். மலையில் ஓட்டும் பழைய டிரைவர்கள் சொல்வது இதுதான். இரண்டாவது கியரில், வளைவில் தேவையானால் முதல் கியரில், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'-யில் விடாமல் 'எல்' அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள். பிரேக்கை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே இருக்கக் கூடாது. இறக்கத்தில் இன்ஜினை ஒருபோதும் அணைக்காதீர்கள், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். ரிவர்ஸ் கியரில் போட்டு, முன் டயருக்கு முன்னால் ஒரு கல்லை வையுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

வளைவில் எதிரே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், அதற்கு முழு அகலமும் வேண்டும். ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. மூடுபனியில் ஹைபீம் போட்டால் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோபீம் போதும்.

மகளுக்கு மலை ஏறினாலே வாந்தி. உயரத்தால் வருவதா?
– வாசகி, விருதுநகர்

இல்லை. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரம், ராஜமலை இன்னும் சில நூறு மீட்டர் கூடுதல். உயர நோய் வரும் உயரம் அல்ல இது. கண் பார்ப்பது அசையாத இருக்கையை, காதின் உள்பகுதி உணர்வது வளைவை. இந்த முரண்தான் குமட்டுகிறது. போனைப் பிடுங்கிவிட்டு, முன்னால் சாலை தெரியும்படி உட்கார வையுங்கள். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் அளவைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறத் தொடங்கும் அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். வாந்தி தொடங்கிய பின் கொடுத்தால் அது வயிற்றில் தங்காது.

கொடைக்கானலில் இருந்து டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்குக் குறுக்குப் பாதை இருக்கிறதாமே? ஆனைமுடி உச்சிக்கு ஏறலாமா?
– வாசகர், திண்டுக்கல்

அந்தப் பழைய சாலை காட்டுக்குள் போவதால் பல ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. வரைபடத்தில் தெரிகிறது என்று நம்பிப் போகாதீர்கள். கொடைக்கானலில் இருந்து இறங்கி, தேனி, போடி வழியாகத்தான் வர வேண்டும். கொடைக்கானலுக்கு இ-பாஸ் தேவை, மூணாறுக்குத் தேவையில்லை.

2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி உச்சிக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. ராஜமலையில் இருந்து பார்க்கலாம். ஏறியே ஆக வேண்டும் என்றால், கேரள வன வளர்ச்சிக் கழகம் வழிகாட்டியோடு அழைத்துப்போகும் மீசப்புலிமலை இருக்கிறது. அதற்கு முன்பதிவு கட்டாயம்.

என்னென்ன எடுத்துவர வேண்டும்?
– வாசகி, ஈரோடு

ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, பனியன், முழுக்கை சட்டை, காற்றுப் புகாத மேல்கோட்டு என மூன்று அடுக்கு நல்லது. ராஜமலையில் வெயில் அடிக்கும்போது கழற்றவும் காற்று வீசும்போது போடவும் வசதி. காதை மூடும் குல்லாய். குடை அங்கே காற்றுக்கு நிற்காது, மழைக்கோட்டுதான்.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில். மூணாறு போன்ற மலைச் சுற்றுலாத் தலங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2025-ல் தடை விதித்தது. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் அதில் சேர்ந்தது.

மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் தோட்டப் பாதையில் நடந்தால் அட்டை ஏறும். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகி, சாக்ஸின் மேல் மூக்குப்பொடி தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் நெருப்போ உப்போ வைக்காதீர்கள், குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். மெல்லிய தலைப்பக்கத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் சிறிது நேரம் கசிந்துகொண்டே இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினால் போதும்.