பதில்: சோர் பஜார் டிசிடி-டி7 வாங்கலாமா?

வணக்கம்ங்க. அப்பா பதிவு செஞ்ச 40 கச்சேரி டாட் டேப்பை (டிஜிட்டலா ஒலி பதியற சின்ன கேசட்) கணினிக்கு மாத்தணும், மும்பை பழைய பொருள் சந்தையான சோர் பஜார்ல சோனி டிசிடி-டி7 (கையடக்க டாட் ரெக்கார்டர்) ஒண்ணுக்கு 22,000 ரூபாய் கேக்கறாங்க, "லைட் எரியுது, டேப் இல்லாததால ஓட்டிப் பாக்கலை"ன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க.

ஓட்டிப் பாக்காம அந்த விலைக்கு வேண்டாம். லைட் எரிஞ்சா பேட்டரி நல்லாயிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான்.

இது சாதா கேசட் பிளேயர் இல்லை. உள்ளே விசிஆர் மாதிரி, டேப்பைப் படிக்கற ஹெட் சுத்தும், நிமிஷத்துக்கு 2000 சுத்து. சோனி 2005-லயே டாட் மெஷின் தயாரிப்பை நிறுத்திட்டதால, உதிரிபாகம்னா இன்னொரு செத்த மெஷினைத்தான் பிரிக்கணும்.

ரெண்டு டேப் எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு காலி, இன்னொண்ணு வேற மெஷின்ல பதிவானது. அப்பாவோட டேப்பை மட்டும் தயவுசெஞ்சு கொண்டுபோகாதீங்க, சிக்கினா போச்சு! காலி டேப்ல பதிவு செஞ்சு கேட்டு, நல்லா வருதேன்னு ஏமாந்துடாதீங்க. அலைன்மென்ட் (டேப் ஹெட்டைத் தொட்டு ஓடற பாதை) விலகின மெஷின் தன் பதிவை அழகாப் பாடும், அடுத்த மெஷினோட டேப்ல திக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த ரெண்டாவது சோதனைதான். நாலைஞ்சு தடவை டேப்பை வெளிய எடுத்தும் பாருங்க. ஒரு தடவை தயங்கினாலும் வந்துடுங்க.

மும்பை மழையில ஈரம் கோத்தா மெஷின் தானே நின்னுடும். அது பழுது இல்லை, காயவிட்டா ஓடும்.

ஒலியை டிஜிட்டலாவே வெளிய எடுக்கற கேபிள் தனி, இருக்கான்னு கேளுங்க. இல்லேன்னா லைன் அவுட்லயே (சாதா அனலாக் ஒலி வர்ற துளை) மாத்திக்கலாம், மோசமில்லை. மாத்தி முடிச்சு வித்துடறதா இருந்தா, ஓடறப்பவே வீடியோ எடுத்து வெச்சுக்குங்க.